எரிந்தவன் எங்கே?

நமது கடற்கரை வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆண்டுவிழா நாடகம் நடந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியது அது, ஆகவேதான் எழுதுகிறோம். பரங்கிப்பேட்டையில் புகைவண்டி ஏறினால் கிள்ளை. கிள்ளையை விட்டால் சிதம்பரம். தில்லைக் கோபுரம் அவ்வளவு அண்மையில் நிற்கும்போது, எந்தக் கதையை மேடையேற்றுவது என்று எவரும் நெடுநேரம் எண்ணவில்லை. "நந்தனார்" என்றார் பெரியவர் ஒருவர். "ஆகா!" என்றனர் அனைவரும். அந்த "ஆகா"விலே நமது குரலும் இருந்தது.

குரல் வளம் மிக்க மாணவன் ஒருவன் நந்தனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். சேரியிலிருந்து வருபவன். "பாத்திரத்துக்கு ஏற்ற பையன்" என்று ஒருவர் பாராட்டினார். அந்தப் பாராட்டிலே கலந்திருந்த நஞ்சு அன்று நமக்குத் தெரியவில்லை. ஒத்திகை தொடங்கிற்று. தீக்குழிக் காட்சி வந்தது. சிவப்புத் தாள், அதன் அடியிலே மின்விளக்கு, பக்கத்திலே ஒரு விசிறி, தீ தயார்! நந்தன் அதிலே இறங்க வேண்டும். பூணூலும் திருநீறும் துலங்க முனிவனாகி மேலே வர வேண்டும். ஒப்பனை மாற்ற நேரம் போதாது. ஆகவே ஒரு வழி கண்டார்கள். இறங்குபவன் ஒருவன், ஏறி வருபவன் வேறொருவன்! சிவந்த மேனியுள்ள மாணவன் ஒருவன், நூல் அணிந்து, குழிக்குப் பின்னே முன்கூட்டியே பதுங்கியிருப்பான். இவன் இறங்கியதும் அவன் எழுவான். எளிய ஏற்பாடு, இனிய ஏற்பாடு!

நந்தன் வேடமிட்ட சிறுவன் நம்மைக் கேட்டான்: "சார், அவன் எழுந்து போனப்புறம் நான் என்ன பண்றது?"

விடை சொன்னவர் வேறு எவருமல்லர், நாமேதான். "நீ கீழேயே படுத்திரு. திரை விழுகிற வரைக்கும் தலையைத் தூக்காதே."

விழா இரவு வந்தது. தீயில் இறங்கினான் கறுத்த சிறுவன். எழுந்தான் சிவந்த சிறுவன். கொட்டகை அதிரக் கைதட்டினர். கண்ணீர் உகுத்தோரும் உண்டு. கைதட்டல் ஓய்ந்த பிறகும், பின்வரிசையிலே நின்றிருந்த ஒரு தாய் மட்டும் எட்டி எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தாள். தன் மகனைத் தேடினாள். மேடையிலே அவன் இல்லை. அவள் தேடியதை யார் கவனித்தார்கள்?

அப்போதுதான் நமக்கு உறைத்தது. "கீழேயே படுத்திரு, தலையைத் தூக்காதே." நந்தன் கதை முழுவதும் அந்த ஒரு மேடைக் குறிப்பிலே அடங்கிக் கிடக்கிறது!

கைக்குட்டையும் சிலம்பும்

தோற்றம் வேறு, உண்மை வேறு என்பது துன்பியல் நாடகங்களின் உயிர்நாடி. கல்லூரியிலே நாம் அதனைப் படித்தோம், தேர்விலே எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். சேக்சுபியரின் 'ஒதெல்லோ'வை எடுத்துக் கொள்ளுங்கள். வெனிசு நகரத்துப் படைத்தலைவன் ஒதெல்லோ, கறுத்த மேனியன், வீரன். அவனுடைய கொடியேந்தி இயாகோ. நாடகத்திலே இயாகோவை 'நேர்மையாளன்' என்று அழைக்காதவர் அரிது. நேர்மையாளனாகத் தோன்றுகிறான், நச்சரவாக இருக்கிறான். ஒரு கைக்குட்டையை எடுத்து, இருக்கக்கூடாத இடத்திலே போட்டு, மாசற்ற மனைவி டெசுடிமோனாவை மாசுடையவளாகத் தோன்றச் செய்கிறான். கணவன் கையாலேயே அவள் மாள்கிறாள்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏமாறுபவன் ஒதெல்லோ, நாம் அல்லோம். முதற்காட்சியிலேயே இயாகோ, தான் வெளியே காட்டும் முகம் தன் முகமன்று என்று ஒளிவின்றிக் கூறிவிடுகிறான். மேடையில் இருப்போர்க்குத் தெரியாதது, அரங்கில் இருப்போர்க்குத் தெரியும். அதனால்தான் நெஞ்சு பதைக்கிறது. "நம்பாதே, நம்பாதே" என்று கூவ வேண்டும் போலத் தோன்றுகிறது. முடிவிலே, இயாகோவின் மனைவி எமிலியாவே வாய் திறக்கிறாள். கைக்குட்டையின் கதையை ஊரறியச் சொல்கிறாள். சொன்னதற்காகக் கணவன் வாளுக்கு இரையாகிறாள். ஆயினும் உண்மை வெளியே வந்துவிடுகிறது. கிரேக்கத்துச் சோபோக்கிளீசின் ஈடிப்பசு மன்னனும் அப்படித்தான். கொலைகாரனைத் தேடிப் புறப்பட்டவன், தானே அவன் என்று கண்டு, தன் கண்களைத் தானே குருடாக்கிக் கொள்கிறான். துன்பியல் நாடகத்தின் அறம் இதுவே: பொய் ஆளலாம், திரை விழுமுன் அது பிடிபட வேண்டும்.

இந்த அறம் கடல் கடந்து வந்ததென்று எண்ண வேண்டா. இதே சோழநாட்டுக் கரையிலே, கொள்ளிடத்துக்குத் தெற்கே, புகாரிலே தொடங்கும் கதையிலே இது உண்டு. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் யார்? நம் நாட்டு இயாகோ! தானே திருடிய சிலம்பின் பழியைக் கோவலன் தலையில் ஏற்றுகிறான். இரு சிலம்புகளும் தோற்றத்திலே ஒன்றுபோல் இருந்தன. அந்தத் தோற்றத்தை நம்பினான் பாண்டியன். கோவலன் தலை உருண்டது. ஆனால், அத்துடன் முடிந்ததா கதை? இல்லை. கண்ணகி வந்தாள். அவைக்களத்தின் நடுவே சிலம்பு உடைந்தது. முத்து வரவில்லை, மாணிக்கம் தெறித்தது. தானே குற்றவாளி என்று உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் விட்டான்.

சிலம்பை உடைத்துப் பார்த்த நாடு இது. அந்த நாடு நந்தனின் சாம்பலை மட்டும் ஏன் கிளறிப் பார்க்கவில்லை?

தீ எப்போது மூண்டது?

ஏடுகளையே கேட்போம். சுந்தரர் தமது திருத்தொண்டத் தொகையிலே 'திருநாளைப் போவார்' என்ற பெயரைச் சொல்லுகிறார், அவ்வளவே. தீ இல்லை. அவருக்குப் பின் வந்த நம்பியாண்டார் நம்பி, ஆதனூர்த் தொண்டர் என்கிறார்; தில்லை மூவாயிரவர் கைகூப்பும்படி முனிவரானார் என்கிறார். அங்கும் தீக்குழி பேசப்படவில்லை. இம்மூன்று நூல்களுள், தீ மூள்வது 12-ஆம் நூற்றாண்டிலே, சோழனின் அமைச்சர் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில்தான். அந்நூல் தில்லையிலேயே அரங்கேறிற்று என்பது மரபு.

சேக்கிழார் பெரும்புலவர்; அதிலே நமக்கு ஐயமில்லை. ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் கண்ணாரக் கண்டவர் போலவே தீட்டுகிறார். தோல் உலரும் முற்றமும், தொழிலாளர் குடிசையும் அவர் பாட்டிலே உயிரோடு நிற்கின்றன. நந்தன் என்ன செய்தான் என்றும் சொல்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் தந்தான். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு தந்தான். வழிபாட்டுக்குக் கோரோசனை தந்தான்.

எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! அவன் தந்த தோல் உள்ளே போயிற்று. அவன் தந்த நரம்பு உள்ளே போயிற்று. அவன் தந்த கோரோசனை கருவறைக்கே போயிற்று. போகாதவன் அவன் ஒருவனே! அவன் கைப்பொருள் தீட்டில்லை, கை தீட்டு. முரசு முழங்கலாம், முரசு செய்தவன் மூச்சுவிடலாகாது. தோற்றத்துக்கும் உண்மைக்கும் இடையே உள்ள பிளவை இதைவிடப் பச்சையாகக் காட்ட எந்த நாடகாசிரியனால் முடியும்?

தில்லை எல்லைக்கு வந்தவன் உள்ளே புகத் துணியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறான். தன் பிறப்பே தடை என்று வருந்தித் துயில்கிறான். கனவிலே கட்டளை பிறக்கிறது: தீயில் மூழ்கி, நூல் அணிந்த மார்பினரோடு வருக என்று. அதே இரவில் தில்லைவாழ் அந்தணர்க்கும் கட்டளை பிறக்கிறது: தீ அமைக்க என்று. தென்திசை மதிலின் புறத்தே குழி தோண்டப்படுகிறது. நந்தன் இறங்குகிறான். நூலும் சடைமுடியுமாக ஒரு முனிவர் எழுகிறார். அந்தணர் அவரை அழைத்துச் செல்கின்றனர். ஆடலரசன் திருமுன் போனவரை அதன்பின் எவரும் கண்டிலர்.

எவரும் கண்டிலர்! இது நாம் கூட்டிச் சொன்னதன்று; புராணமே சொல்வது. பக்தர் இதனை 'இரண்டறக் கலத்தல்' என்பர். ஆனால், ஒரு மனிதன் ஊருக்கு வந்தான், நெருப்பிலே இறக்கப்பட்டான், பிறகு எவரும் அவனைக் காணவில்லை என்று காவல் நிலையத்திலே ஒருவன் எழுதிக் கொடுத்தால், அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

வரலாற்றிலே நடந்தது இதுதான் என்று சாதிக்க நாம் வரவில்லை. கதைக்கு உள்ளேயே நின்று, கதையின் சொற்களைக் கொண்டே கேட்கிறோம். ஒதெல்லோ கேட்ட சான்றையே கேட்கிறோம். கனவு கண்டவர்கள் யார்? தீயிலே இறங்க வேண்டியவன் ஒருவன். தீயை மூட்ட வேண்டியவர்கள் மூவாயிரவர். இருவர்க்கும் ஒரே கனவு! கல்லாகிய நந்தியைத் திருப்புன்கூரிலே விலகச் செய்த இறைவன், கல்மனத்தவரைத் தில்லையிலே விலகச் செய்ய மாட்டாரா? காளைக்கு இட்ட கட்டளையைக் காவலர்க்கு இடலாகாதா? "அவனை அப்படியே உள்ளே விடுங்கள்" என்று ஒரு கனவு வர ஏன் வழியில்லாமற் போயிற்று?

அழுக்கு யாரிடம் இருந்தது? தடுத்தவர் உள்ளத்தில் இருந்தது. நெருப்பில் இறங்கியவர் யார்? தடுக்கப்பட்டவர். இந்த முறைகேட்டை அருள் என்று பாடினால், கொடுமை என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன வேலை?

எமிலியா இல்லாத நாடகம்

கோபாலகிருட்டிண பாரதியார் வந்தார். 1860-களின் தொடக்கத்தில் அவருடைய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' அச்சேறிற்று. பாடகர் பாடினர், கதாகாலட்சேபக்காரர் பரப்பினர், நாடகக் குழுவினர் நடித்தனர். பாரதியாரின் நெஞ்சிலே ஈரம் இருந்தது. அதனை மறைப்பது அறமாகாது. சேக்கிழாரிடம் இல்லாத ஒருவனை அவர் படைத்தார். அவன்தான் நிலத்துக்குரிய வேதியன். நந்தன் தில்லைக்குப் போக விடை கேட்கிறான். "நாற்பது வேலியையும் அறுத்து முடி, பிறகு போ" என்கிறான் வேதியன். அடிமை உழவனின் கழுத்தை நெரிக்கும் கை எது என்பதைப் பாரதியார் கண்டுகொண்டார். கண்டு, என்ன செய்தார்? பூதகணங்களை அனுப்பி ஓர் இரவில் அறுவடையை முடித்து வைத்தார். வேதியனை நந்தன் காலிலே விழச் செய்தார். மேடையிலே கால்கள் மாறின. வயலிலே கூலி மாறவில்லை!

இன்னொன்றையும் பாருங்கள். சேரிப் பெரியவர்கள் நந்தனைத் தடுக்கிறார்கள். "நமக்கு வீரன் இருக்கிறான், இருளன் இருக்கிறான், உனக்கேன் தில்லை?" என்கிறார்கள். உண்மையான துன்பியல் நாடகத்திலே, போகாதே என்று எச்சரிக்கும் குரலுக்கு ஒரு மதிப்பு உண்டு. உரோமாபுரியிலே சீசரை எச்சரித்த குறிகாரனை எவரும் கோமாளி என்பதில்லை. இங்கே, எச்சரித்தவர்கள் அறியாதவர்கள், சிரிப்புக்குரியவர்கள். நெருப்பை நோக்கி நடப்பவன் ஞானி! நாடகத்தின் நகைச்சுவை எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்த்தால், நாடகம் யாருடையது என்பது விளங்கும்.

நந்தனுக்குத் தாய் உண்டா? மனைவி உண்டா? பெரியபுராணத்திலே தேடினால் கிடையாது. கோவலனுக்கு ஒரு கண்ணகி இருந்தாள். சிலம்போடு வந்து கேட்டாள். டெசுடிமோனாவுக்கு ஓர் எமிலியா இருந்தாள். உயிரைக் கொடுத்து உண்மையைச் சொன்னாள். நந்தனுக்காகக் கேட்க ஒருவரும் இல்லை. கேட்பார் இல்லாதபடி கதை கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் இங்கே ஏமாறுபவன் நந்தன் மட்டுமல்லன். அரங்கிலே அமர்ந்திருக்கும் நாமும் ஏமாறுகிறோம். இயாகோ இருக்கிறான், ஆனால், எந்த வேடத்திலே இருக்கிறான் என்று நமக்குக் காட்டப்படவில்லை. கொலைக்களம் மணவறை போல் அலங்கரிக்கப்பட்டது. ஒப்பாரி வைக்க வேண்டிய இடத்திலே மங்களம் பாடப்பட்டது. துன்பியலை இன்பியலாகத் தோன்றச் செய்ததுதான் இந்த நாடகத்தின் மாபெரும் வஞ்சகம்!

"கலையிலே காழ்ப்பைப் புகுத்தாதீர்" என்பர் சிலர். "நந்தனை நாயன்மாராக்கி, கோயிலிலே சிலையாக்கி, எல்லாச் சாதியாரும் வணங்கச் செய்தது சமயமல்லவா?" என்பர். வணங்கினீர்கள், மறுக்கவில்லை. எரிந்து முடிந்த நந்தனை வணங்கினீர்கள். எரியாத நந்தன் வாசலுக்கு வந்தால்? சிலையான புலையனுக்குப் பூ. உயிருள்ள புலையனுக்குப் பூட்டு. இதைத்தானே நாம் தோற்றம் என்றும் உண்மை என்றும் பிரித்துச் சொல்கிறோம்!

"தீ என்பது குறியீடு, ஆணவம் எரிந்தது என்று பொருள்" என்பர் கற்றவர் சிலர். நல்லது. குறியீடாகவே இருக்கட்டும். தீயிலிருந்து மேலே வந்தவன் மார்பிலே நூல் ஏன்? ஆணவம் எரிந்தால் சாதி எரிய வேண்டும். இங்கே ஒரு சாதி எரிந்து இன்னொரு சாதி முளைக்கிறது. உயர்ந்தவனாக மாறினால்தான் உள்ளே இடம் என்பது ஞானமன்று, நுழைவுச்சீட்டு.

1935-ஆம் ஆண்டு 'நந்தனார்' திரைப்படமாயிற்று. கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். அவருக்கு 1 இலட்சம் ரூபாய் ஊதியம் என்று நாடே வியந்து பேசிற்று. 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த படம் வந்தது. கொட்டகைதோறும் கூட்டம், கூட்டந்தோறும் கண்ணீர். முதற்படத்து நந்தன் வெள்ளித்திரையிலே தில்லைக்குள் நுழைந்த அந்த ஆண்டிலே, மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ளே உயிருள்ள நந்தன் நுழைய முடியாது. 1939 சூலை 8-ஆம் நாள்தான் ஒடுக்கப்பட்ட தோழர்கள் அங்கே அடியெடுத்து வைத்தனர். அழைத்துச் சென்றவர் வைத்தியநாத ஐயர். அந்தப் பெயரையும் மறையாமல் சொல்வோம். அன்று எந்தத் தீக்குழியும் தோண்டப்படவில்லை. எவரும் நூல் அணியவில்லை. இருந்த மேனியோடே போனார்கள், இருந்த மேனியோடே திரும்பி வந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் பிறந்தது. பல நூற்றாண்டுக் கண்ணீர் திறக்காத கதவை, ஒரு கிளர்ச்சியும் ஒரு சட்டமும் திறந்தன!

விளக்கைப் போட்டவர்

பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். 1970-களின் பிற்பகுதியில் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்ற நாடகத்தை எழுதினார். பழைய கதைதான், ஆனால், அரங்கிலே விளக்கைப் போட்டுவிட்டார். சூழ்ச்சி செய்பவர்கள் நம் கண்ணெதிரே கூடிப் பேசுகிறார்கள். நந்தன் நம்புகிறான்; நமக்குத் தெரிகிறது. அபிராமி என்னும் ஆடல்மகளும் அவனோடு தீக்கு இரையாகிறாள். முனிவன் எவனும் எழுந்து வரவில்லை. மறைந்திருந்த இயாகோவை அவையோர்க்குக் காட்டிக்கொடுத்த அந்நாடகத்திலேதான், நந்தன் கதை முதன்முதலாகத் தன் உண்மைப் பெயரைப் பெற்றது: துன்பியல்!

அந்த நாடகம் நம்மையும் விட்டுவைக்கவில்லை. சூழ்ச்சிக் கூட்டத்திலே நூல் அணிந்தவர் மட்டும் இல்லை. நூல் அணியாத மேற்சாதி நிலக்கிழார்களும் இருக்கிறார்கள். இதைப் படித்தபோது, சீர்திருத்தம் பேசும் நமக்குச் சற்றே குத்திற்று. குத்தட்டும்! 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியிலே ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் கருகின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் செய்த குற்றம், சங்கமாய்ச் சேர்ந்ததும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும். தீ மூட்டியவர் கனவு கண்டா மூட்டினர்? எந்த ஆண்டவன் கட்டளை அது? தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அன்று கோட்டையிலே இருந்தவர்கள் பகுத்தறிவு பேசியவர்கள், நம்மவர்கள். நாம் தலைகுனிந்து இதனைச் சொல்கிறோம். எதிரியின் மார்பிலே நூலைத் தேடுவது எளிது. நம் கையிலே தீக்குச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அரிது.

வெண்மணி பழங்கதை என்பீரேல், நமக்கு அண்டை மாவட்டமாகிய விழுப்புரத்து மேல்பாதி இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு, திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே சென்ற ஒடுக்கப்பட்ட இளைஞர்கள் தாக்கப்பட்டனர். சூன் திங்களில் அரசு அலுவலர்கள் அந்தக் கோயிலையே பூட்டி முத்திரையிட்டனர். அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950-இல். ஏட்டிலே ஒழிந்தது, தெருவிலே ஒழிந்ததா? சட்டத்தின் தோற்றம் வேறு. ஊரின் உண்மை வேறு. நந்தன் நாடகத்தைப் பார்த்துக் கண்ணீர் உகுத்த ஊர்களிலேயே நந்தனுக்கு எதிரான கதவு பூட்டப்படுகிறது. இந்தக் கண்ணீர் எதைக் கழுவிற்று? கன்னத்தைக் கழுவிற்று, கருத்தைக் கழுவவில்லை!

அதே ஊரிலே இன்னொரு நந்தன்

தில்லையிலே தீக்குழி மட்டுமா இருந்தது? இல்லை. அதே சிதம்பரத்திலே, சுவாமி சகசானந்தர் 1916-ஆம் ஆண்டு நந்தனார் பெயராலே ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்தவர், துறவி, பின்னாளிலே சட்டமன்றத்திலும் அமர்ந்தவர், 1959-இல் மறைந்தார். சமயத்திலே அவர் வழி வேறு, நம் வழி வேறு. ஆனால், நந்தன் என்ற பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் நமக்குக் காட்டினார். புராணம் அந்தப் பெயராலே ஒரு குழி வெட்டிற்று. அவர் அந்தப் பெயராலே ஒரு கட்டடம் எழுப்பினார். குழியிலே இறங்கியவன் தன்னை இழந்தான். பள்ளியிலே நுழைந்தவன் தன்னைக் கண்டான். எந்த மாணவனையும் அங்கே, "எரிந்துவிட்டு வா, பிறகு எழுத்தறிவிக்கிறோம்" என்று சொல்லவில்லை.

நாம் ஆசிரியர்கள். நமது பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஒதெல்லோவைப் பாடமாக நடத்தும்போது, "தோற்றத்தைக் கண்டு ஏமாறாதே" என்று கரும்பலகையிலே எழுதுகிறோம். மாலையிலே, அதே மாணவரைக் கொண்டு, தோற்றத்தையே உண்மையென்று நம்பவைக்கும் நாடகத்தை ஒத்திகை பார்க்கிறோம். வகுப்பிலே பகுத்தறிவு, விழாவிலே பழைய நெருப்பு. இதுவும் ஒரு வேடமல்லவா? இயாகோவை வெளியே தேடிய நமக்கு, "நீ கீழேயே படுத்திரு" என்று சொன்ன வாய் யாருடைய வாய் என்பது நினைவுக்கு வருகிறது.

விழாவுக்கு மறுநாள் அந்தச் சிறுவனை அழைத்தோம். "பாட்டு நன்றாயிருந்தது" என்றோம். அவன் தலைகவிழ்ந்து நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "எங்கம்மா கேட்டுச்சு சார், தீயிலே போனவன் எங்கேன்னு. நான் அடியிலேதான் இருந்தேன்னு சொன்னேன்."

எமிலியா இல்லாத நாடகம் என்றோமே; தவறு. அவள் இருந்தாள். பின்வரிசையிலே நின்றாள். கண்ணகியைப் போலவே ஒரே ஒரு கேள்வியோடு நின்றாள். கேட்பதற்குத்தான் நமக்குக் காது இல்லை.

நந்தன் நாடகத்தைத் தடை செய்யுங்கள் என்று நாம் கூறவில்லை. போடுங்கள்! ஊர்தோறும் போடுங்கள்! ஆனால், துன்பியல் நாடகமாகப் போடுங்கள். குழி வெட்டுபவன் முகத்திலே விளக்கைக் காட்டுங்கள். கனவு கண்டதாகச் சொல்பவனை அவைக்கு அழைத்துக் கேள்வி கேளுங்கள். பாண்டியன் அவையிலே சிலம்பை உடைத்தது போல, அந்தக் குழியைக் கிளறிக் காட்டுங்கள். நூலோடு எழுபவனைக் கண்டு கைதட்டு முன், நூலின்றி இறங்கியவன் எங்கே என்று கொட்டகை முழுவதும் எழுந்து நின்று கேட்கட்டும்.

நாம் நமக்கென்று ஓர் உறுதி செய்துகொண்டோம். இனி நமது மேற்பார்வையில் எந்த மேடையிலே நந்தன் நாடகம் நடந்தாலும், தீயிலே இறங்கிய சிறுவன், இறங்கிய அதே மேனியோடு எழுந்து, விளக்கின் முன்னே வந்து, தன் தாயின் கண்ணுக்குத் தெரியும்படி நிற்பான். அவன் எழுந்து வரும் வரையில் திரையை விழவிடோம்!